பிடியரிசியும் ஒரு வெள்ளிக்கிழமைக் கூடுகையும்

நெல்லைச் சீமைத் திருச்சபையில் பல ஊர்ச் சபைகளை ஒன்றிணைத்த அமைப்பிற்குச் ‘சேகரம்’ என்று பெயர். சேர்த்து வைத்தல் என்னும் பொருளுடைய இச்சொல்லை வகுப்பறையில் விளக்க நேரும்போதெல்லாம் எங்களுக்கு உள்ளூர ஒரு பெருமிதம் உண்டு. சேர்வது எளிது, சேர்ந்தபின் கதவைத் திறந்து வைத்திருப்பதே கடினம் என்பதைக் கற்றுக்கொள்ள எங்களுக்குப் பத்தாண்டுகளும் ஒரு பெருவெள்ளமும் தேவைப்பட்டன.

வண்ணார்பேட்டையில், தாமிரபரணியை ஒட்டிய தெரு ஒன்றில் 2013ஆம் ஆண்டு ஏழு குடும்பங்களாக நாங்கள் ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்தைத் தொடங்கினோம். நூற்றுக்கணக்கானோர் கூடும் ஞாயிறு ஆராதனையில் அடுத்த இருக்கைக்காரரின் துயரம் நமக்குத் தெரிவதில்லை. ஒரே வரிசையில் அமர்ந்து பாடிய ஒருவர் வேலையிழந்த செய்தி மூன்று மாதங்கள் கழித்தே எங்கள் செவிக்கு வந்தது. அந்த வெட்கமே தொடக்கம். வெள்ளிதோறும் மாலை ஏழு மணிக்கு முறைவைத்து ஒவ்வொருவர் இல்லத்திலும் கூடினோம். ஒரு கீர்த்தனை, ஒரு வேதப்பகுதி, அதனைப் பற்றிய பேச்சு, அவரவர் பாரங்களுக்கான ஜெபம், பிறகு தேநீர். ஒருவரின் அறுவை சிகிச்சைக்கு மற்றவர் இரத்தம் கொடுத்ததும், ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை ஏழு வீடுகளும் பங்கிட்டுக்கொண்டதும் அக்காலத்தில் நிகழ்ந்தவை.

பின்னர் எப்போது இறுகிப்போனோம் என்று சொல்லத் தெரியவில்லை. பத்தாண்டுகள் கழிந்தும் அதே ஏழு குடும்பங்கள். ‘எங்கள் குழு உடையவேயில்லை’ என்று பிறரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். வளரவும் இல்லை என்பதை எவரும் சொல்லவில்லை. புதிதாக வந்தவர்கள் இரண்டு மூன்று வாரங்களில் நின்றுபோயினர். அவர்களுக்கு ஆவிக்குரிய தாகம் இல்லை என்று நாங்களே தீர்ப்பெழுதினோம். எங்களுக்குள் மட்டுமே விளங்கும் கேலிகளும் எங்கள் பிள்ளைகளின் பெயர்கள் மட்டுமே நிறைந்த ஜெபக் குறிப்பேடும் அவர்களை வெளியே நிறுத்தின என்பது பிற்பாடுதான் புரிந்தது.

நில்லாமல் வந்துகொண்டிருந்தவர் ஒருவரே. சத்துணவுக் கூடத்தில் சமையற்பணி செய்து ஓய்வுபெற்ற ஒரு விதவைத் தாய். ஆறு ஆண்டுகள் தவறாமல் வந்தார். வாசலை ஒட்டியே அமர்வார். தேநீர் வரும் நேரத்திற்குச் சற்று முன்னர் எழுந்து போய்விடுவார். எங்கள் முறைப்பட்டியலில் அவர் வீடு ஒருநாளும் இடம்பெறவில்லை. கடையொன்றின் மாடியில் இரண்டே அறைகள், நாம் போய் அவருக்குத் தொல்லை தருவானேன் என்று பேசிக்கொண்டோம். இடநெருக்கடி என்பது நாங்கள் அதற்கு இட்ட பெயர். உண்மைப் பெயர் வேறு. இந்தச் சீமையில் அதனைச் சொல்லாமலே யாவரும் அறிவர்.

இத்தனைக்கும் எங்களுக்கு வரலாறு தெரியும். இந்தத் திருச்சபையே ஒரு சிறுகுழுவாகப் பிறந்ததுதான். தஞ்சையிலிருந்து வந்த கோகிலா என்னும் பிராமண விதவை 1778இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றுக் கிளாரிந்தா ஆனார். 1780இல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் இருந்தவை 40 பெயர்கள். அவர் முயற்சியால் எழுந்த சிற்றாலயம் இன்றும் அங்கே நிற்கிறது. 1799இல் முதலூர் என்னும் முதல் கிறித்தவக் குடியிருப்பு தோன்றியது. 1820இல் வந்த இரேனியஸ் ஐயர் ஊர்தோறும் சிறு சபைகளை எழுப்பினார். ஒடுக்கப்பட்ட புதுக் கிறித்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்தத் தர்ம சங்கத்தை 1830இல் நிறுவினார். தம் பள்ளி மாணவர் யாவரும் ஒரே பந்தியில் உண்ண வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதையும், அதனால் எழுந்த எதிர்ப்பையும் நாங்கள் மேடையிலேறிப் பேசியிருக்கிறோம். பேசிவிட்டு வந்து, எங்கள் பந்தியில் எவர் இல்லை என்று எண்ணிப் பார்க்காமல் உண்டிருக்கிறோம்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் கீத பவனிக்கு ஆயத்தமாக வேண்டிய நாளில் மழை விடவேயில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பெய்தது என்பதைப் பின்னர் அறிந்தோம். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீரும் காட்டாற்று நீரும் சேர்ந்து தாமிரபரணி கரை கடந்தது. கொக்கிரகுளத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தையே வெள்ளம் சூழ்ந்தது. எங்கள் தெருவில் இரவோடு இரவாக இடுப்பளவு நீர். மின்சாரம் இல்லை, கைப்பேசி இல்லை. பிள்ளைகளைத் தோளில் சுமந்து, மேடான இடம் தேடித் தடுமாறியபோது ஒரு மாடியிலிருந்து அரிக்கேன் விளக்கின் ஒளி தெரிந்தது. “ஐயா, இங்க வாங்க. படி வழுக்கும், பாத்து ஏறுங்க” என்று அந்தத் தாயின் குரல்.

ஆறு ஆண்டுகளாக நாங்கள் ஏறாத படிகள் அவை. எண்ணிப் பார்த்தால் பதினான்கு.

அந்த இரண்டு அறைகளில் பத்தொன்பது பேர் இருந்தோம். இடம் போதுமானதாகவே இருந்தது. விடிந்ததும் பசி. அவர் மூலையிலிருந்த ஒரு மண்பானையை எடுத்தார். பிடியரிசிப் பானை. ஒவ்வொரு வேளையும் உலையிடுமுன் ஒரு பிடி அரிசியைக் காணிக்கையாக எடுத்துவைப்பது எங்கள் திருச்சபைப் பெண்களின் நெடுங்கால வழக்கம். எங்கள் வீடுகளில் அது என்றோ ரூபாயாக மாறி, பிறகு மறைந்தும் போயிற்று. மழையால் ஆலயத்தில் சேர்க்க முடியாதிருந்த அரிசி மூன்று படிக்குக் குறையாது. “ஆண்டவருக்குன்னு எடுத்து வச்சதாச்சே, அம்மா” என்று எங்களுள் ஒருவர் தயங்கினார். “அவரு பிள்ளைகளுக்குப் போட்டா அவருக்குச் சேராமலா போயிரும்?” என்று கேட்டபடி அவர் அடுப்பை மூட்டினார். நூறு பிள்ளைகளுக்குச் சமைத்த கை. கஞ்சியும் துவையலும். எவரும் எழுந்து போகவில்லை. போகவும் இடமில்லை.

நீர் வடிந்தபின் கூடிய முதல் வெள்ளியன்று ஒருவருக்கும் பாட்டு வரவில்லை. கடைசியில் எங்களுள் மூத்தவர், இந்தக் குழு இரண்டாகப் பிரிய வேண்டும் என்றார். சிலர் அழுதனர். பத்தாண்டு நட்பை வெட்டுவதா என்றனர். ஆனால் வளரும் குழுக்களின் வரலாறு அப்படித்தான் இருந்திருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1742இல் ஜான் வெஸ்லியின் சங்கத்தார், கட்டடக் கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி தண்டுவதற்காகப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரிந்தனர். காசு தண்டப் போனவர்கள் வீட்டு நிலையை நேரில் கண்டனர்; அக்குழுக்களே ஒருவரையொருவர் தாங்கும் வகுப்புக் கூட்டங்களாயின. நம் பாளையங்கோட்டையில் 1903இல் கூடிய சிலர், வேதநாயகம் சாமுவேல் அசரியாவைச் செயலராகக் கொண்டு இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குத் தம்மவரை அனுப்பினர். தம்மில் நல்லவரை வெளியே அனுப்பத் துணிந்த குழுவே வளர்ந்தது. பொத்திவைத்த விதை களஞ்சியத்தில் இருக்கும், வயலில் இராது.

இப்போது இரண்டு குழுக்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் பெருகினால் பிரிவது, வேதப்பகுதியை ஒவ்வொருவரும் முறைவைத்து நடத்துவது, ஒரு வீட்டையும் பட்டியலில் விடாதிருப்பது என்று மூன்றே ஒழுங்குகள். மாடி வீட்டுக் குழுவில் எங்களுக்கு முன்பு பெயர்கூடத் தெரியாத பின்தெருக் குடும்பங்கள் நான்கு சேர்ந்திருக்கின்றன. படிக்கத் தடுமாறும் ஒருவர் வேதப்பகுதியை நடத்திய மாலையில், பட்டம் பெற்ற நாங்கள் ஆண்டுக்கணக்கில் கேட்காத கேள்விகளை அவர் கேட்டார்.

யாவும் இனிதே முடிந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். மற்றைய குழு மெலிந்திருக்கிறது. தொடக்கத்திலிருந்த ஏழு குடும்பங்களுள் ஒன்று, மாடி வீட்டின் முறை வந்த வாரத்திலிருந்து வருவதில்லை. காரணம் கேட்டால் பிள்ளைகளின் தேர்வு என்கிறார்கள். நாங்களும் முன்பு இடநெருக்கடி என்றவர்கள்தாமே. ஆகவே கோபிக்க எங்களுக்குத் தகுதியில்லை. அவர்கள் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கலாமா என்று ஒருநாள் பேச்சு வந்தது. வேண்டாம் என்று தடுத்தவர் அந்தத் தாய்தான். அவர்கள் முறை வரும் வெள்ளிதோறும் எங்களுள் இருவர் போய் அழைத்துவிட்டு வருகிறோம். வாசல் வரை வந்து விடைகொடுக்கிறார்கள். சென்ற முறை தேநீர் கொடுத்தார்கள்.