ஒரே பிடியில்

தொலைநோக்கியில் நாம் கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லைக் குழாய்க்கு, ஐபீஸுக்கு, பரவலாக வழங்கும் அளவு 31.75 மி.மீ. ஒன்றேகால் அங்குலத்தின் மெட்ரிக் கணக்கு அது. அதைத் தாங்கும் ஃபோகஸரின் துளையில் குழாய் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும், இறங்கியபின் ஆடக்கூடாது. துளை 31.80 என்றால் நன்றாக இருக்கும். 32ஐத் தொட்டுவிட்டால், பக்கத் திருகை இறுக்கும்போது ஐபீஸ் ஒரு புறமாகத் தள்ளப்பட்டுச் சாயும்.

கோயம்புத்தூரில் என் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு சிறிய லேத்தும், அதன் பக்கத்து மேசையில் ஒரு 3டி பிரிண்டரும் இருக்கின்றன. லேத் மேசைமேல் வைக்கும் ரகம். 180 மி.மீ. விட்டம் வரையுள்ள துண்டைச் சுழற்றும், இரண்டு பேர் தூக்கிவிடலாம். எனக்கும் வானம் பார்க்கும் நண்பர்களுக்கும் ஃபோகஸர்கள் செய்வதுதான் இதில் என் பிரதான வேலை. பார்க்க வருகிறவர்கள், "பிரிண்டர் இருக்கும்போது இந்த லேத் எதுக்குங்க?" என்று கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. பதில் ஒரு வாக்கியத்தில் அடங்காது.

பிரிண்டரின் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். சூடான பிளாஸ்டிக்கை இழையாகப் பிதுக்கி அடுக்கடுக்காகப் பொருளைக் கட்டும் முறைக்கு அமெரிக்காவின் ஸ்காட் கிரம்ப் 1989இல் காப்புரிமை கோரினார். அது 2009இல் காலாவதியானது. அதற்கு முன்பே, 2005இல், இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தன் பாகங்களில் பலவற்றைத் தானே அச்சிட்டுக்கொள்ளும் பிரிண்டருக்கான ரெப்ரேப் திட்டத்தைத் தொடங்கி, வரைபடங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டார். என் மேசைக்கு இப்படியொரு கருவி வந்து சேர்ந்ததற்கு இந்த இரண்டும்தான் காரணம். சாயங்காலம் கணினியில் வரைந்ததை மறுநாள் காலையில் கையில் எடுத்துப் பார்க்கலாம். குமிழ் விரலுக்கு எட்டுகிறதா, திருகின் தலை குழாயில் இடிக்கிறதா, கையுறை போட்ட கையால் திருப்ப முடிகிறதா என்பதெல்லாம் வரைபடத்தில் தெரியாது. உலோகத்தில் இதைத் தெரிந்துகொள்ள ஒரு வாரம் பிடிக்கும். ஐம்பது ரூபாய் பிளாஸ்டிக்கில் தெரிந்துகொள்வது பெரிய வரம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் வடிவம் வேறு, பொருத்தம் வேறு. 0.4 மி.மீ. நாசில், 0.2 மி.மீ. அடுக்கு என்று வைத்து அச்சிட்டால் வட்டத் துளைகள் பெரும்பாலும் வரைந்ததைவிடச் சற்றுச் சிறியதாகவே வரும். எவ்வளவு சிறியது என்பது கருவிக்குக் கருவி, இழைக்கு இழை மாறும். அடுக்குகளுக்கு இடையே இழுவிசை விழுந்தால் அங்கேதான் பிளக்கும். பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கிவிடும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்துவிட்டுப் போகக்கூடிய பொருள் அல்ல. பத்து வருடம் உழைக்க வேண்டிய ஃபோகஸருக்கு அலுமினியம்தான் சரி.

லேத்தில் வெட்டுவதைவிடப் பெரிய வேலை, ஜாபை, அதாவது கடைய வேண்டிய துண்டை, பிடிப்பது. எனக்குத் தொழில் கற்றுத்தந்த ஓய்வுபெற்ற டர்னர் அண்ணன் உளியைத் தொடுவதற்கு முன்பு, "எப்படிப் பிடிக்கப் போறீங்க, எந்த வரிசையில வெட்டப் போறீங்க, அதை மொதல்ல சொல்லுங்க தம்பி" என்பார். சொல்லி முடிக்காமல் மோட்டாரைப் போட விடமாட்டார். மூன்று தாடைகளால் துண்டைக் கவ்வும் சக்கில் பிடித்த உருளை, சக் நல்லதாகவே இருந்தாலும், 0.05 முதல் 0.1 மி.மீ. வரை மையம் விலகி ஓடும். துளையைக் கடைந்துவிட்டு, ஜாபைக் கழற்றித் திருப்பிப் பிடித்து வெளிப்புறத்தைக் கடைந்தால், உள்வட்டத்துக்கும் வெளிவட்டத்துக்கும் மையம் வேறுவேறாகிவிடும். அதனால் முகப்பு, துளை, வெளிவிட்டம், மரை எல்லாவற்றையும் ஒரே பிடியில் முடித்துவிட்டு, கடைசியாகத்தான் தண்டிலிருந்து துண்டிக்க வேண்டும். அப்போது சக்கின் குறை ஜாபில் ஏறாது.

மெல்லிய குழாயில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மூன்று தாடைகளும் அழுத்தும்போது குழாய் லேசாக முக்கோணச் சாயலுக்கு நசுங்கும். நசுங்கிய நிலையில் உள்ளே சரியான வட்டமாகக் கடைவோம். தாடையைத் தளர்த்தியதும் குழாய் பழைய நிலைக்குத் திரும்பும், துளையின் வட்டம் கெட்டுவிடும். இங்கேதான் பக்கத்து மேசைக்காரர் உதவிக்கு வருகிறார். குழாயைச் சுற்றிலும் கவ்வும்படி, ஒரு பக்கம் பிளவுபட்ட வளையம் ஒன்றைப் பிரிண்டரில் செய்து தாடைக்கும் குழாய்க்கும் நடுவில் போட்டால் அழுத்தம் சுற்றிலும் பரவிவிடும். பிளாஸ்டிக் அமுங்கும் என்பதால் கனமான வெட்டுக்கு ஆகாது. கடைசி மெல்லிய வெட்டுகளுக்குப் போதும்.

இனி அந்த 31.80. உளி 0.1 நகர்ந்தால் விட்டத்தில் 0.2 மாறும்; இது கணக்கு. கணக்குக்கு அடங்காதது, துளைக்குள் உளியைத் தாங்கிச் செல்லும் போரிங் பார். நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் இரண்டு மடங்கானால் அது வளைவது எட்டு மடங்காகும். அதனால் உளி நாம் சொன்ன அளவை முழுதாக வெட்டாமல் சற்று ஒதுங்கிக்கொள்ளும். டயலைத் தொடாமல் அதே வெட்டை இன்னொரு முறை ஓட்டினால், விட்டுப்போன மிச்சத்தை மெல்லிய தூளாக எடுத்துவரும். கடைசி பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குள் இப்படி மெதுவாக நெருங்க வேண்டும். உளியில் அலுமினியம் ஒட்டாமல் இருக்கச் சிறிது மண்ணெண்ணெய் விடுவேன். வெட்டிய சூட்டில் அளக்கக்கூடாது. 32 மி.மீ. அலுமினியம் 30 டிகிரி சூடேறினால் 0.02 மி.மீ. விரியும்; நாம் துரத்திக்கொண்டிருக்கும் இடைவெளியே 0.05தான். வெர்னியரின் உள்தாடைகளும் வளைந்த சுவரில் சரியாக உட்காராமல் குறைத்தே காட்டும். எனவே முதலிலேயே பித்தளையில் 31.80க்கு ஒரு கட்டையைக் கடைந்து மைக்ரோமீட்டரில் சரிபார்த்து வைத்துக்கொள்கிறேன். துளைக்குள் அது காற்றைத் தள்ளிக்கொண்டு நிதானமாக இறங்கினால் வேலை முடிந்தது. அந்த இறக்கத்தைக் கையில் உணரும் சந்தோஷத்துக்காகவே நான் இந்த வேலையைச் செய்கிறேன்.

வார்ப்புக்கும் பிரிண்டர் பெரிய துணை. தொலைநோக்கியின் தாங்குகைகளை வார்ப்படத்தில் எடுப்பதற்கான பேட்டர்னை முன்பு மரத்தில் இழைப்பார்கள். உருகிய அலுமினியம் ஆறும்போது நூற்றுக்கு 1.3 அளவில் சுருங்கும் என்பதால், பேட்டர்ன் ஆசாரிகள் அந்த அளவுக்கு நீட்டிக் கோடு போட்ட தனி அளவுகோலையே வைத்திருப்பார்கள். இன்று பிரிண்டரில் 101.3 சதவீதம் என்று கொடுத்தால் போதும். ஆனால் மணலிலிருந்து கிழிக்காமல் உருவ, பக்கங்களுக்கு ஒன்றிரண்டு டிகிரி சாய்வு தர வேண்டும், அடுக்கு வரிகளைப் புட்டி பூசித் தேய்த்து மழமழப்பாக்க வேண்டும். இதை எனக்குச் சொன்னதும் ஃபவுண்டரியில் கைதேர்ந்த ஒரு ஆசாரிதான்.

2016 முதல் மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில், பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதலான பிள்ளைகள் 3டி பிரிண்டரைத் தொட்டுப் பழகுகிறார்கள். என் தலைமுறைக்குக் கிடைக்காத வாய்ப்பு, மனதார மகிழ்கிறேன். அந்த ஆய்வகங்களை நடத்தும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிரிண்டருக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்ச் வைஸ், இரண்டு அரம், ஒரு வெர்னியர் வையுங்கள். அச்சிட்ட துண்டை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், வரைந்த அளவோடு ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேளுங்கள். பிறகு அதே துண்டை அலுமினியத்தில் அராவச் சொல்லுங்கள். முடிந்தால் பக்கத்துத் தெருவில் உள்ள லேத் பட்டறைக்கு ஒரு நாள் அழைத்துப் போய், வேலை செய்பவர் ஜாபை எப்படிப் பிடிக்கிறார் என்று பார்க்க வையுங்கள்.