பி.ஆர். வருமுன் பிரியும் மணவாழ்வு

கனடாவில் கணவன் மனைவியையோ மனைவி கணவனையோ ஸ்பொன்சர் செய்து நிரந்தர வதிவிட உரிமை (பி.ஆர்.) எடுப்பது, 2002 ஜூன் 28 முதல் நடப்பில் உள்ள குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி நடக்கிறது. அந்த விண்ணப்பத்தின் அடித்தளம் திருமணம் மட்டுமே. படிப்பு, வேலை, மொழித் திறன் எதுவும் அங்கே கணக்கில் இல்லை. எனவே முடிவு வருமுன் தம்பதியர் பிரிந்தால் விண்ணப்பம் அடித்தளத்தை இழக்கிறது. உரிமை கிடைத்த பிறகு பிரிந்தால் நிலைமை முற்றிலும் வேறு. இந்த வேறுபாடு தெரியாததால் பலர், அதிலும் பெண்கள், தேவையில்லாத அச்சத்தோடு கொடுமையைச் சகித்து வாழ்கிறார்கள்.

விண்ணப்பிக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது குடும்ப வகுப்பு. ரொறன்ரோ மாப்பிள்ளை சென்னையிலோ திருச்சியிலோ தாலி கட்டிவிட்டுத் திரும்ப, யாழ்ப்பாணத்துப் பெண் விசாவுக்குக் காத்திருப்பது இந்த வகை. இரண்டாவது, இருவரும் கனடாவிலேயே சேர்ந்து வாழ்ந்தபடி விண்ணப்பிக்கும் உள்நாட்டு வகுப்பு. முதல் வகையில் விண்ணப்பம் மறுக்கப்பட்டால் ஸ்பொன்சர் செய்தவர் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். இரண்டாவது வகைக்கு அந்த மேன்முறையீடு இல்லை. மத்திய நீதிமன்றத்தில் நீதி மீளாய்வுக்கு அனுமதி கேட்பதே வழி.

இரண்டிலும் அதிகாரி தேடுவது ஒன்றுதான்: இது மெய்யான திருமணமா, குடியேறுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு செய்ததா? முதன்முதலில் எப்படிச் சந்தித்தார்கள், கலியாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்றெல்லாம் படிவம் கேட்கும். கலியாண அல்பம், அழைப்பிதழ், வட்ஸ்அப் உரையாடல், இருவர் பெயரிலும் உள்ள வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் என ஒரு வாழ்க்கையே கோப்பாகிப் போகும். உள்நாட்டு வகுப்பில் இவற்றோடு சேர்ந்து வாழ்வதும் கட்டாய நிபந்தனை.

வேலைக்காக ஒருவர் கல்கரிக்குப் போவதும், நோயுற்ற தாயைப் பார்க்க ஊரில் சில மாதம் தங்குவதும் பிரிவு ஆகாது. உறவு தொடர்கிறது, திரும்பி வரும் எண்ணம் உண்டு என்று காட்ட முடிந்தால் போதும். மறுபுறம், ஒரே கூரையின் கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழ்வதை இருவரும் நிறுத்திவிட்டால், விவாகரத்து ஆகாவிட்டாலும் அது பிரிவுதான்.

அப்படிப் பிரிந்தால் விண்ணப்பம் மறுக்கப்படும். ஸ்பொன்சர் செய்தவர், வதிவிட உரிமை வழங்கப்படும் நாள்வரை எப்போது வேண்டுமானாலும் ஸ்பொன்சரைத் திரும்பப் பெறலாம். பின்பு சமாதானமாகிச் சேர்ந்தாலும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் பிரிந்த மறுநாளே யாரையும் விமானத்தில் ஏற்றுவதில்லை. கையில் உள்ள வருகை, படிப்பு அல்லது வேலை அனுமதி காலாவதியாகும் நாள்தான் முதலில் பார்க்க வேண்டியது. அந்த நாளுக்கு முன் நீடிப்புக் கேட்கலாம். தவறவிட்டால், அந்தஸ்தை மீட்டுத் தரும்படி 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்க இடமுண்டு.

பிரிவை மறைப்பது பெரிய ஆபத்து. நிலைமை மாறினால் குடிவரவுத் திணைக்களத்துக்கு அறிவிப்பது விண்ணப்பதாரரின் கடமை. விசா கிடைத்தபின் மண உறவு முறிந்திருந்தால், விமான நிலையத்தில் இறங்கும்போது அதைச் சொல்லியே ஆக வேண்டும். முக்கியமான உண்மையை மறைத்தது தெரிந்தால் ஐந்து ஆண்டுத் தடை விழும். வதிவிட உரிமை பெற்றவரும் அதை இழக்கலாம். “கார்ட் வரும்வரை பொறு, ஒருவருக்கும் சொல்லாதே” என்று உறவினர் அன்போடு சொல்லும் புத்திமதி, பிரிந்துவிட்ட ஒருவருக்குப் பெருங்கேடாய் முடியக்கூடும்.

கொடுமை நடக்கும் வீடுகளில் இந்தக் காத்திருப்பே ஆயுதமாகிறது. “ஒரு கடிதம் போட்டா காணும், உன்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்” என்ற மிரட்டலுக்குப் பயந்து அடியையும் பசியையும் பொறுப்பவர்கள் இருக்கிறார்கள். கடவுச்சீட்டைப் பறித்து வைப்பது, சம்பளத்தைப் பிடுங்குவது, ஊருக்குப் பேசவிடாமல் தடுப்பது எல்லாம் கொடுமையே. இவர்களுக்காக 2019 ஜூலை 26 முதல், குடும்ப வன்முறைக்கு உள்ளானோருக்கான தற்காலிக வதிவிட அனுமதி நடைமுறைக்கு வந்தது. கனடாவுக்குள் இருப்பவராகவும், கொடுமை செய்யும் துணையோடான உறவை நம்பியே வதிவிட உரிமைக்குக் காத்திருப்பவராகவும் இருக்க வேண்டும். கட்டணம் இல்லை, முதலில் குறைந்தது ஆறு மாதங்களுக்குக் கிடைக்கும். அதன்மூலம் வேலை அனுமதி கேட்கலாம். மருத்துவ வசதியும் உளவள ஆலோசனையும் உண்டு. பொலிஸ் அறிக்கை இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் மருத்துவரின் கடிதம், காப்பகத்தின் கடிதம், குறுஞ்செய்திகள், அயலவரின் சத்தியக்கடதாசி ஆகியவற்றைச் சான்றாக வைக்கலாம்.

நிரந்தரமாகத் தங்க, சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி மனிதாபிமான, கருணை அடிப்படையில் விண்ணப்பிக்கலாம். கனடாவில் வேரூன்றிய அளவு, பிள்ளைகளின் நலன், அனுபவித்த வன்முறை, ஊர் திரும்பினால் நேரும் இன்னல் ஆகியவை எடைபோடப்படும். கைவிட்டு வந்தவள் என்ற பெயரோடு ஊர் திரும்பும் பெண்ணுக்கு என்ன காத்திருக்கிறது என்பதையும் எடுத்துச் சொல்லலாம். ஆனால் இந்த விண்ணப்பம் போட்டதாலேயே வெளியேற்றம் நின்றுவிடாது. சட்டத்தரணியின் துணை அவசியம். நாடு திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்றால் அகதிக் கோரிக்கை தனி வழி.

வதிவிட உரிமை வழங்கப்பட்ட பிறகு நிலைமை தலைகீழ். அந்த உரிமை அவருடையது. மெய்யான திருமணத்தின் வழியே கிடைத்ததைக் கணவனோ மாமியாரோ கடிதம் எழுதி ரத்துச் செய்ய முடியாது. 2012 அக்டோபர் 25 முதல், புதிதாக மணந்து பிள்ளைகள் இல்லாத தம்பதியர் இரண்டு ஆண்டு சேர்ந்து வாழ வேண்டும், தவறினால் உரிமை பறிபோகும் என்ற நிபந்தனை இருந்தது. கொடுமைக்குள்ளானோரை அது வீட்டுக்குள் கட்டிப்போடுகிறது என்ற எதிர்ப்பு வலுத்து, 2017 ஏப்ரலில் நீக்கப்பட்டது. ஆனாலும் அந்தப் பழைய விதியைச் சொல்லி இன்றும் மிரட்டுபவர்கள் உண்டு.

ஸ்பொன்சர் செய்தவரின் பொறுப்போ பிரிவோடு தீராது. துணை நிரந்தர வதிவாளரான நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு அவருடைய அடிப்படைத் தேவைகளுக்குப் பொறுப்பு என்ற உறுதிமொழி, விவாகரத்தானாலும் செல்லும். அந்தக் காலத்தில் துணை அரச நிவாரணம் பெற்றால் அந்தத் தொகை ஸ்பொன்சர் செய்தவரின் கடனாகும்; 2011இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஸ்பொன்சரில் வந்தவர், தாம் வதிவாளரான நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு வேறொரு துணையை ஸ்பொன்சர் செய்ய முடியாது.

குடிவரவு வழக்கும் குடும்ப வழக்கும் வேறு வேறு. பொதுவாக ஓராண்டு பிரிந்து வாழ்ந்ததே விவாகரத்துக்குப் போதிய காரணம். சமரசத்துக்காக அந்த ஆண்டில் மொத்தம் 90 நாட்கள் வரை சேர்ந்திருந்தாலும் கணக்கு அறுபடாது. பிள்ளைச் செலவுப் பணம் கேட்க வதிவிட உரிமை தேவையில்லை. ஒன்ராறியோவில் வன்முறைக்கு உள்ளானோருக்கு லீகல் எயிட் இரண்டு மணி நேர இலவச சட்ட ஆலோசனை தருகிறது. ரொறன்ரோவில் தெற்காசியச் சட்ட உதவி நிலையமும் இருக்கிறது. அந்தக் கதவுவரை கூட்டிப்போவதும், போகும்வரை தங்க ஓர் அறை கொடுப்பதும் உறவினர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.