பதினைந்து நாள் நிற்கும் பதிவு

2025 அக்டோபர் 8, புதன்கிழமை சாயங்காலம். கோர்ட்டிலிருந்து கேஸ் கட்டுகளோடு மேனாம்பேடு தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கினேன். இஸ்திரி போடும் அம்மா பெட்டியைத் தட்டின் மேல் நிறுத்திவிட்டு, கரியின் சூடு ஏறிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வக்கீலம்மா, அந்தக் குழந்தை கேசுல அவனை விட்டுட்டாங்களாமே? டி.வி.யில சொல்றாங்க. நெசமா?"

"ஆமாம்மா. சுப்ரீம் கோர்ட் விட்டுடுச்சு."

"அப்ப அந்தக் குழந்தையை யாரும்மா கொன்னது?"

நான் பதில் சொல்லவில்லை. என்னிடம் பதில் இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாகக் கிரிமினல் பக்கம் தொழில் செய்கிறவள் நான். விடுதலை என்றால் என்ன, சந்தேகத்தின் பலன் என்றால் என்ன என்று மேடை போட்டுப் பேசத் தெரியும். அந்த அம்மாவின் கேள்விக்கு அதில் எதுவும் உதவவில்லை.

எந்த வழக்கு என்று இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முகலிவாக்கம் எங்கள் ஊரிலிருந்து வானகரம், போரூர் வழியாக ஒரு மணி நேரத்துத் தொலைவுதான். 2017 பிப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமை. அடுக்குமாடிக் குடியிருப்பில் விளையாடிக்கொண்டிருந்த ஏழு வயதுக் குழந்தை காணாமல் போனது. எரிக்கப்பட்ட உடல் நெடுஞ்சாலை ஓரத்தில் கிடைத்தது. அதே கட்டடத்தில் குடியிருந்த 23 வயது இளைஞரைப் போலீஸ் கைது செய்தது. குழந்தையின் பெயரை நான் எழுத மாட்டேன். போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் எழுத மனம் வராது. விடுதலையானவரின் பெயரும் இங்கே வேண்டாம்.

அதன்பின் நடந்தவை ஒன்றைவிட ஒன்று பயங்கரம். குண்டர் சட்டக் காவலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த இளைஞர் ஜாமீனில் வெளியே வந்தார். அதே ஆண்டு டிசம்பரில் அவருடைய தாய் குன்றத்தூர் வீட்டில் கொல்லப்பட்டார். அவர்மேல் இரண்டாவது கொலை வழக்கு விழுந்தது. மும்பையில் பிடித்தார்கள், தப்பினார், மறுபடி பிடித்தார்கள். தமிழ்நாடே கொதித்துக்கொண்டிருந்த அந்த டிசம்பரில்தான் முதல் வழக்கின் சாட்சி விசாரணை செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றத்தில் ஆரம்பித்தது. 2018 பிப்ரவரி 19 அன்று தூக்குத் தண்டனை. ஜூலை 10 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

அந்த பிப்ரவரி மாலை நான் எங்கே இருந்தேன் என்று நன்றாக நினைவிருக்கிறது. அம்பத்தூர் ஓ.டி.யில் ஜூனியர்களோடு காபி குடித்துக்கொண்டிருந்தேன். "ரெண்டே மாசத்துல முடிச்சுட்டாங்க பார். எல்லா கேசும் இப்படி நடந்தா என்ன?" என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். அந்த அவசரத்தை மெச்சியவர்களில் நானும் ஒருத்தி.

முப்பது சாட்சிகள் உள்ள கொலை வழக்கு. ஒவ்வொருவரும் போலீசில் கொடுத்த 161 வாக்குமூலம், ரசாயன ஆய்வு அறிக்கை, மரபணு அறிக்கை, மகஜர்கள் எல்லாவற்றையும் ஒரு தடவை ஒழுங்காகப் படித்து முடிக்கவே எனக்கு மூன்று வாரம் ஆகும். ஜெயிலில் போய் ஆளைப் பார்த்துப் பேசவேண்டும், சம்பவ இடத்தைப் பார்க்கவேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு அந்தக் கேள்வி வாயில் வரவில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படித்தபோதுதான் உறைத்தது. வழக்கறிஞர் இல்லாமலே குற்றச்சாட்டு வனையப்பட்டிருக்கிறது. டிசம்பரில் சட்ட உதவி வழக்கறிஞரை நியமித்து, நாலே நாளில் சாட்சி விசாரணையைத் தொடங்கியிருக்கிறார்கள். குற்றவாளி என்று அறிவித்த அன்றே தூக்கும் விதித்திருக்கிறார்கள்.

நாங்கள் காபி குடித்துக்கொண்டு கொண்டாடிய வேகம், ஏழரை வருஷம் கழித்து அந்தத் தண்டனைக்கு எதிரான காரணங்களில் ஒன்றாகத் திரும்பி வந்தது.

ஆனால் வழக்கு அங்கே மட்டும் சாயவில்லை. விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா ஆகிய மூன்று நீதிபதிகளும் சாட்சியத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். கடைசியாகக் குழந்தையோடு அவரைப் பார்த்தேன் என்ற சாட்சி நம்பும்படி இல்லை. போலீசில் கொடுத்த வாக்குமூலத்தை வைத்துப் பொருள்களைக் கைப்பற்றியதாகச் சொன்ன கதையில் ஓட்டை. மரபணு மாதிரிகள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின என்ற சங்கிலி முழுமையாக இல்லை. எல்லாவற்றுக்கும் மேல் அந்தக் கேமரா. பக்கத்துக் கோயிலின் கண்காணிப்புக் கேமராவில் அவருடைய நடமாட்டம் தெரிந்தது, அதனால்தான் சந்தேகம் வந்தது என்பது அரசுத் தரப்பின் வாதம். அந்தப் பதிவு நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. சந்தேகம் எங்கே தொடங்கியதோ அந்த வேரையே காட்டாமல் மரத்தை நம்பு என்றால் எப்படி?

தீர்ப்பின் முடிவில், இப்படி ஒருவரை விடுவிப்பது சமூகத்துக்கும் குழந்தையின் குடும்பத்துக்கும் எவ்வளவு வேதனை என்பது தங்களுக்குத் தெரியும் என்று நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் மனசாட்சிக்குத் தோன்றுகிறது என்பதற்காகவோ ஊகத்தின் பேரிலோ தண்டிக்கச் சட்டம் இடம் தரவில்லை என்கிறார்கள். அந்தப் பத்தியை இரண்டு தடவை படித்தேன்.

கேமரா என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு வேறொரு முகம் நினைவுக்கு வந்தது. என்னுடைய ஒரு பழைய வழக்கு. யாரும் பேப்பரில் எழுதாத சின்ன வழக்கு.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தையல் வேலை பார்க்கும் பெண். இரண்டாவது ஷிப்ட் முடிந்து ராத்திரி எங்கள் ஊர்ப் பக்கம் நடந்து வரும்போது பைக்கில் வந்த இரண்டு பேர் மூன்று பவுன் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இழுத்த வேகத்தில் கீழே விழுந்து கழுத்திலும் முழங்கையிலும் தோல் கிழிந்துவிட்டது. ஒரு பையனைப் பிடித்தார்கள். சட்ட உதவிப் பட்டியலிலிருந்து அவனுக்கு நான் வழக்கறிஞர். சங்கிலி கிடைக்கவில்லை. உருக்கிய தங்கம் என்று ஒரு கட்டி. அடையாள அணிவகுப்பு நடத்தவில்லை. ஸ்டேஷனிலேயே அந்தப் பெண்ணுக்கு அவனைக் காட்டியிருந்தார்கள். குறுக்கு விசாரணையில் விசாரணை அதிகாரியிடம் நான் கேட்டது மொத்தம் நாலு கேள்வி.

சம்பவ இடத்துக்கு எதிரே மருந்துக் கடை இருக்கிறதா? இருக்கிறது. அதில் கேமரா உண்டா? உண்டு. பதிவைப் பார்த்தீர்களா? பார்த்தேன். கோர்ட்டில் தாக்கல் செய்தீர்களா? இல்லை.

உட்கார்ந்துவிட்டேன். பையன் விடுதலை.

வராந்தாவில் அந்தப் பெண் எனக்காக நின்றுகொண்டிருந்தார். சண்டைக்கு வரவில்லை. சேலைத் தலைப்பை விலக்கிக் கழுத்தைக் காட்டினார். இடப் பக்கத்தில் காதுக்குக் கீழே ஆரம்பித்துத் தோள்வரை வெளுத்த ஒரு கோடு. சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றும் பதிந்த மாதிரி விட்டுவிட்டுத் தழும்பு.

"அப்ப இது பொய்யாம்மா?" என்று கேட்டார்.

"உங்க தழும்பு பொய் இல்லம்மா. போலீஸ் வேலை செய்யல" என்றேன்.

"நீங்க செஞ்சீங்களே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அந்தப் பையன்தான் செய்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பதிவு இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்கும், எனக்கும் தெரிந்திருக்கும். அவன் செய்யாதவனாக இருந்திருந்தால் எட்டு மாதம் புழல் சிறையில் கிடந்திருக்கவும் வேண்டாம்.

முகலிவாக்கம் தீர்ப்புக்கு மறுநாள் காலை டீக்கடையில் ஒரே பேச்சு. "அன்னைக்கே என்கவுன்டர்ல போட்டிருக்கணும் மேடம்" என்றார் ஒரு பெரியவர், பேத்தியைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு வந்தவர். அவர் கோபத்தை நான் ஒரு சொல்லாலும் குறைக்க மாட்டேன். பேத்தியை வேனில் ஏற்றுகிற கைக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் ஹைதராபாத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். 2019 டிசம்பர் 6 அன்று, கால்நடை மருத்துவரான பெண்ணைக் கொன்றதாகப் பிடிக்கப்பட்ட நான்கு பேரை விடியற்காலையில் சுட்டார்கள். ஜனங்கள் போலீஸ்மேல் பூ தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-இல், வேண்டுமென்றே கொல்லும் நோக்கத்தில்தான் சுட்டிருக்கிறார்கள் என்று சொன்னது. பத்துப் போலீஸ்காரர்கள்மேல் வழக்கு நடத்தச் சொன்னது. செத்தவர்கள்தான் குற்றம் செய்தார்களா என்பதை இனி எந்தக் கோர்ட்டும் விசாரிக்க முடியாது. பெரியவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப என்னதாம்மா பண்றது?" என்றார்.

இன்னொருவர், "பணம் வெளையாடியிருக்கும்" என்றார். பெரிய வழக்கு எது சாய்ந்தாலும் இந்தப் பேச்சு வரும். 2013 நவம்பர் 27 அன்று புதுச்சேரியில் சங்கரராமன் கொலை வழக்கில் காஞ்சி சங்கராச்சாரியார் ஜெயேந்திரர் உட்பட 23 பேரும் விடுதலையானபோதும் தெருவெல்லாம் இதையேதான் கேட்டேன். அங்கே 189 சாட்சிகளில் 83 பேர் பிறழ்சாட்சி ஆனார்கள். ஏன் திரும்பினார்கள் என்று கேட்க ஊருக்கு உரிமை உண்டு. சாட்சி கூண்டில் ஏறியபின் வழக்கு உடைந்த கதை அது. அந்த முகலிவாக்கம் இளைஞர்மேல் இருந்த தாய் கொலை வழக்கும் அப்படித்தான் போயிற்று. அவருடைய தந்தை பிறழ்சாட்சியாகி, 2025-இலேயே சில மாதம் முன்னால் அதிலும் விடுதலை. குழந்தையின் வழக்கு அந்த ரகம் இல்லை. பெற்றவர்கள் கடைசிவரை உறுதியாக நின்றார்கள். விட்டுப்போனது போலீஸ் கையிலிருந்த வேலை. முதல் நாலைந்து நாளில் செய்திருக்க வேண்டியது.

நமக்குக் கோபம் வருவது தீர்ப்பு நாளில். என் அனுபவத்தில் வழக்கு தோற்பது தீர்ப்பு நாளில் இல்லை. ஸ்டேஷன் வாசலில் கூட்டம் கூடி "எங்ககிட்ட குடுங்க அவனை" என்று கத்துகிற அந்த முதல் வாரத்தில், ஒரு ஆள்கூட "ஹார்ட் டிஸ்க்கை எடுத்தாச்சா சார்?" என்று கேட்பதில்லை. சாட்சியச் சட்டத்தின் 65-பி சான்றிதழ் இல்லாமல் பதிவின் நகல் செல்லாது என்பதை 2014-இலேயே அன்வர் எதிர் பஷீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்போது புதிய சட்டத்தில் அது 63-ஆம் பிரிவு. ஓரிரு பக்கக் காகிதம். கடைக்காரர் கையெழுத்து, புதிய சட்டத்தில் கூடவே ஒரு நிபுணரின் கையெழுத்து, தேதி, கருவியின் விவரம். மூல ஹார்ட் டிஸ்க்கையே கைப்பற்றி உரிய முறையில் கொண்டுவந்தால் அந்தக் காகிதம்கூட வேண்டாம்.

குழந்தையைப் பறிகொடுத்த வீட்டில் போய் இதைச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வீட்டுக்காகக் கோபப்படுகிற நாம் தெரிந்துகொள்ளலாம்.

டீக்கடையில் பேசிய அன்றைக்கு ராத்திரி எங்கள் தெரு மருந்துக் கடைக்குப் போனேன். என் பழைய வழக்கில் வந்த அதே கடை. அப்போதிருந்தவரின் மகன் இப்போது கல்லாவில். "தம்பி, உங்க கேமராப் பெட்டி எங்கப்பா இருக்கு?" என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் உள்ளே கூட்டிப்போனார். இருமல் மருந்து அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், மேல் அடுக்கில், புத்தகம் அளவு கறுப்புப் பெட்டி. மேலே விரல் அழுந்தும்படி தூசி. ஓரத்தில் சின்னப் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாள் நிக்கும் இதுல?"

"பதினைஞ்சு நாள் மேடம். அப்புறம் பழசு மேலயே ஏறிடும்."

"ஏதாவது ஆச்சுன்னா, போலீஸ் வந்து பார்த்துட்டுச் சும்மா போனாங்கன்னா, எனக்கு உடனே போன் பண்ணு. நடு ராத்திரியா இருந்தாலும்."

அவர் பில் புத்தகத்தின் பின்னட்டையில் என் நம்பரை எழுதிக்கொண்டார். வெளியே வந்தபோது இஸ்திரி அம்மா கரியைக் கொட்டித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். "அங்க எதுக்கும்மா போனீங்க, ஒடம்பு சரியில்லையா?" என்றார். பக்கத்தில் நின்று, கேமராப் பெட்டியைப் பற்றி அவருக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.