முதல்ல வயித்தைப் பாருங்க!

"சொந்த ஊர் ராஜபாளையம்"னு சொன்னா போதும், ஹாஸ்டல்ல அடுத்த கேள்வி ரெடி: "மச்சி, ஒரு குட்டி வாங்கித் தருவியா?" வெள்ளை நிறம், ரோஸ் மூக்கு, 2005-ல் தபால் தலையிலேயே வந்த நாய். ஆசை வரத்தான் செய்யும். ஆனா மூக்கைப் பார்க்குறதுக்கு முன்னாடி வயித்தைப் பாருங்க மக்களே.

குட்டியை நிக்க வச்சு தொப்புளைத் தடவுங்க. மெத்துனு வீக்கம் தட்டுப்பட்டா அது தொப்புள் குடலிறக்கமா இருக்கலாம். பிறந்ததும் மூட வேண்டிய தசை மூடாததால் உள்ளே இருக்கும் கொழுப்பு, சில சமயம் குடல், பிதுங்கி நிற்கும். சின்னதுன்னா சுமார் 6 மாசத்துக்குள்ள தானாவே மூடலாம். பெருசுன்னா ஆபரேஷன். வீக்கம் கெட்டியாகி, வலி, வாந்தின்னு வந்தா உடனே டாக்டர்கிட்ட ஓடணும், குடல் சிக்கியிருக்கலாம்.

பெரும்பாலும் இது பரம்பரையா வர்றது. எங்க வீட்டு நாய்க்கும் இருந்துச்சு, ஆபரேஷன்ல சரியாச்சு. ஒரு ஈத்துக் குட்டிகளை வித்திருந்தா என் செமஸ்டர் ஃபீஸுக்கு உதவியிருக்கும். அப்பா இனச்சேர்க்கைக்கு விடவே இல்லை. "தையல்தான் போட்டாச்சே?"ன்னு ஊரே கேட்டுச்சு. தையல் வயித்தைத்தான் மூடும். குட்டிகளுக்குப் போறதைத் தடுக்காது.

அதனால தாய் நாயைக் காட்டச் சொல்லுங்க. 2017 விதிகள்படி, விற்க வளர்க்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செஞ்சிருக்கணும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. "இந்தக் குட்டிக்குத் தொப்புள்ல வீக்கம் இருக்கு, இதை வச்சு குட்டி எடுக்காதீங்க"ன்னு தானாவே சொல்றவர் கிடைச்சா, நம்பி அவர்கிட்டயே வாங்குங்க.