சிறிய துண்டும் பெரிய எண்ணும்

தூள் உலோகவியல் ஆய்வு மாணவர் ஒருவரின் பல மாத உழைப்பு, பெரும்பாலும் ஒரு வில்லையில் வந்து முடிகிறது. தூளை அரைத்து, கருவிக்கான முறை வரும்வரை காத்திருந்து, ஸ்பார்க் பிளாஸ்மா சின்டரிங் வழியே அவர் பெறுவது 30 மி.மீ. விட்டமுள்ள வட்டத் தகடு மட்டுமே. அதன் இழுவிசை வலிமையை அளந்தாக வேண்டும். ஏ.எஸ்.டி.எம். இ8 வகுத்துள்ள சிறிய தட்டைத் துண்டுக்கே 100 மி.மீ. நீளம் தேவை. ஆகவே துண்டின் அளவைத் தாமே தீர்மானிக்கும் பொறுப்பு மாணவர்மீது விழுகிறது.

முதலில் பார்க்க வேண்டியது விகிதம். நன்கு நீளும் உலோகம் அறுபடுமுன் ஓரிடத்தில் குறுகும். அளவு நீளம் குறையக் குறைய, அக்குறுகலின் பங்கு கூடி, நீட்சி விழுக்காடு உயர்ந்து தோன்றும். இதனால்தான் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1608, குறுக்குவெட்டுப் பரப்பின் வர்க்கமூலத்தைப்போல் 5.65 மடங்கை அளவு நீளமாகக் கொள்ளச் சொல்கிறது. 2 மி.மீ. அகலமும் 1 மி.மீ. தடிமனும் உள்ள துண்டுக்கு அது 8 மி.மீ. ஆனால் இவ்விகிதப்படி வரும் நீளம் 15 மி.மீ.க்குக் குறையலாகாது என்பதும் அத்தரநிலையின் விதி. விகிதம் பொருந்தியும் துண்டு தரநிலைக்கு வெளியே நிற்கிறது.

அடுத்தது நுண்துளை. 12.5 மி.மீ. விட்டமும் 50 மி.மீ. அளவு நீளமும் உடைய உருளைத் துண்டில், இச்சிறு துண்டைப்போல் ஏறத்தாழ 380 மடங்கு பொருள் இருக்கிறது. மிகப் பலவீனமான இடமே முறிவைத் தீர்மானிக்கும் என்ற அடிப்படையில் வெய்புல் 1939இல் தம் கோட்பாட்டை அமைத்தார். அதன்படி, பொருள் குறைந்தால் பெருந்துளை அகப்படும் வாய்ப்பும் குறையும். வலிமை மிகையாகத் தெரியும். தப்பித்தவறி 0.3 மி.மீ. துளையொன்று அகப்பட்டால், சிறு துண்டின் குறுக்குவெட்டில் 3.5 விழுக்காட்டை அது விழுங்கிவிடும், உருளையிலோ 0.06 விழுக்காடுதான். சில துண்டுகள் வியப்பூட்ட, சில ஏமாற்றுவது இதனால்தான்.

இந்நிலையில், ஏமாற்றிய துண்டைப் 'பழுது' என்று ஒதுக்கிவிட்டு, வியப்பூட்டிய எண்ணை மட்டும் ஆய்வேட்டில் எழுதும் ஆசை எழுவது இயல்பு. ஒதுக்குவதற்கு முன் முறிவுப் பரப்பை நுண்ணோக்கியில் பார்ப்பதே முறை. வயர்கட் விட்டுச்சென்ற உருகிய படலத்திலிருந்து விரிசல் தொடங்கியிருந்தால், அது தயாரிப்புக் குறை. எமரித் தாளால் தேய்த்து அகற்றியிருக்க வேண்டியது. உள்துளையிலிருந்து தொடங்கியிருந்தால், அது அப்பொருளின் இயல்பு. அந்த எண்ணுக்கும் அட்டவணையில் இடம் உண்டு.

தடிமனைத் தேர்வதற்கு முன்பே மிகப்பெரிய துளையையும் துகளையும் அளந்துகொள்வதும், ஒரே வில்லையை நம்பாமல் பல வில்லைகளிலிருந்து துண்டுகள் எடுப்பதும் நலம். இயல்பு நன்கறிந்த உலோகக்கலவை ஒன்றை அதே சிறு அளவில் வெட்டிச் சோதித்தால், கருவியும் வடிவமும் சேர்க்கும் பிழை வெளிப்படும். இவற்றோடு, வலிமை எண்ணுக்கு அருகிலேயே துண்டின் அளவையும் குறிக்க வேண்டும். அந்த எண்ணை நம்பி நாளை எவரேனும் ஒரு பற்சக்கரத்தை வடிவமைக்கக்கூடும். எத்தனை பெரிய துண்டில் அது கிடைத்தது என்று அறிய அவருக்கு வேறு வழியில்லை.