பலகையின் பின்னே ஒரு பகல்

ஜிங்தேஜென் நகரில், ஒரு சந்து முனையில்தான் அவரைப் பார்த்தேன். தன்னைவிட நீளமான மரப்பலகையொன்றைத் தோளில் சுமந்து வந்தார். பலகைமேல் வரிசையாகக் கிண்ணங்கள். இன்னும் சூளைக்குப் போகாத, அழுத்திப் பிடித்தாலே உடையும் பச்சைக் கிண்ணங்கள். எதிரே ஒரு ஸ்கூட்டர் வந்தது. அவர் நிற்கவில்லை. இடுப்பைச் சற்றே திருப்பினார். பலகை சுவரோரம் ஒதுங்கியது. ஒரு கிண்ணமும் அசையவில்லை. காலை ரயிலில் வந்து, அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, மாலை ரயிலில் திரும்புவதாகத் திட்டம். அதை அங்கேயே விட்டுவிட்டு அந்தப் பலகையின் பின்னால் நடந்தேன்.

சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில், சாங் ஆற்றங்கரையில் இருக்கிறது இந்த ஊர். 1004-இல் சோங் பேரரசர் தம் ஆட்சிக்காலத்தின் பெயரான ‘ஜிங்தே’யை இதற்குச் சூட்டினார். அன்றிலிருந்து இன்றுவரை ஊரின் பிழைப்பு பீங்கான்தான். உலகம் முழுவதும் ‘கயோலின்’ என்று சொல்லப்படும் வெண்களிமண்ணின் பெயரே பக்கத்திலுள்ள காவோலிங் என்ற சிற்றூரிலிருந்து வந்தது. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1987-இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, 13, 14-ஆம் நூற்றாண்டுகளின் சீனப் பீங்கான் சில்லுகள் கிடைத்தன. கப்பலேறி நம் கரைக்கு வந்த அந்தச் சரக்கும் முதலில் யாரோ ஒருவரின் தோளில்தான் ஏறியிருக்கும்.

பலகைக்காரரை எல்லோரும் ‘ஷிஃபு’ என்றே கூப்பிட்டார்கள். தொழில் தெரிந்தவரை மரியாதையாக அழைக்கும் சொல் அது. அவர் போய் நின்ற பட்டறையிலும் ஒரு ஷிஃபு இருந்தார். அவர் சீவுகிறவர். சக்கரத்தில் களிமண்ணை ஏற்றிக் கிண்ணம் பிடிப்பவர் வேண்டுமென்றே தடிமனாகத்தான் பிடிக்கிறார். அது காய்ந்தபின் மறுபடி சக்கரத்தில் கவிழ்த்து, இரும்புக் கத்தியால் சீவிச் சீவி மெலிதாக்குவது இவர் வேலை. கத்திகளைத் தம் கைக்கு ஏற்றபடி தாமே தீட்டி வைத்திருந்தார். சீவுவார், நிறுத்துவார், விரலால் சுவரைச் சுண்டுவார். அந்த ஓசையிலேயே கனம் தெரிந்துவிடுகிறது. ஒரு சீவல் கூடினால் கிண்ணம் ஓட்டை; குறைந்தால் கையில் கனக்கும்.

கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியை நீட்டி, “நீங்கள் சக்கரத்தில் கிண்ணம் பிடிப்பதில்லையா?” என்று கேட்டேன். “அது வேறு ஷிஃபுவின் வேலை. நான் சீவுகிறேன், முப்பது வருஷமாக” என்றார். இளைஞராக ஓர் அரசுத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். 1990-களில் ஊரின் பெரிய அரசுப் பீங்கான் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, வேலை இழந்த பலரைப் போல அவரும் வீட்டு முன்னறையில் சக்கரத்தைப் போட்டுக்கொண்டார். முகக்கவசத்தின்மேல், புருவத்தில், காது மடலில் எல்லாம் வெள்ளைத் தூள். அந்தத் தூள் நுரையீரலில் படிந்தால் மீள முடியாத நோய் வரும் என்பது அவருக்குத் தெரியும். மகன் ஷென்ஜென்னில் வேலை செய்கிறான் என்று மட்டும் சொன்னார்.

சீவி முடித்த வேறொரு பலகையைச் சுமந்துகொண்டு பலகைக்காரர் கிளம்பினார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. சுடாத பாண்டத்துக்குத் தண்ணீர்தான் எமன். அவர் சட்டென்று பக்கத்து வாசலுக்குள் நுழைந்தார்; நானும் நுழைந்தேன். உள்ளே ஓர் அம்மாள் கிண்ணத்தில் தாமரை எழுதிக்கொண்டிருந்தார். உதவிக்கு இருந்த பெண் அவரை ‘ஆயி’ என்று அழைத்தாள். சீனத்தில் பெரியம்மாவுக்கும் சித்திக்கும் வயதில் மூத்த பெண்களுக்கும் வழங்கும் சொல் அது. என் காதுக்கு அது எங்கள் ஊர்ச்சொல்லாகவே கேட்டது.

ஆயியின் தூரிகையில் இருந்தது கோபால்ட் மை. இப்போது அழுக்குச் சாம்பல் நிறம். 1300 டிகிரி வரை சுட்ட பிறகுதான் நீலமாகும். பச்சை மண் மையை உடனே உறிஞ்சிவிடுவதால் கோடு போட்டால் போட்டதுதான். இலைக்கு உள்ளே நிறம் நிரப்ப, நீர் ததும்பும் தடித்த தூரிகையை மண்ணில் தொடாமல், துளியை மட்டும் நகர்த்தினார். இலையின் ஓரம் அடர்ந்தும் நடு வெளுத்தும் நின்றது. மழை விடும்வரை ஒரே ஒரு தாமரைதான் முடிந்தது.

1637-இல் சோங் யிங்சிங் என்ற அறிஞர், ஒரு கோப்பை முழுமை பெற 72 கைகள் மாற வேண்டும் என்று தம் தொழில்நுட்ப நூலில் எழுதினார். கைவினை பற்றி எழுதுகிறவர்கள் தனியொரு மேதையைத் தேடிப் போவது வழக்கம். இங்கே அப்படித் தேடுவது வீண். யாருமே ஒரு கிண்ணத்தை முழுதாகச் செய்வதில்லை. ஆளுக்கு ஓர் அசைவு, அதில் ஓர் ஆயுளின் பழக்கம். ஆனால் கிண்ணத்தின் அடியில் விழும் முத்திரை பெரும்பாலும் வடிவமைப்பாளருடையது அல்லது கடையினுடையது. சீவியவர் பெயர் எங்கும் இல்லை. அது நியாயமில்லை என்றே இன்னமும் நினைக்கிறேன்.

மெருகு தோய்க்கும் பட்டறையில் கொஞ்ச நேரம்தான் நின்றேன். கிண்ணத்தின் அடியில் பிடிமானத்துக்காகக் குமிழ்போல மண் விட்டுவைத்திருந்தார்கள். அதைப் பிடித்து மெருகு நீரில் ஒரு முக்கு. பிறகுதான் அந்தக் குமிழைச் சீவி எடுத்துப் பாதத்தைக் குடைகிறார்கள்.

கடைசி வாசல் பொதுச்சூளை. சொந்தச் சூளை இல்லாதவர்கள் அடைக்கும் இடத்துக்கு ஏற்பக் காசு கொடுத்துத் தங்கள் பாண்டங்களைச் சுட்டுக்கொள்ளும் இடம். வெளியூரிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட இளம் கலைஞர்களை ஊரார் ‘ஜிங்பியாவ்’ என்கிறார்கள், ஜிங்தேஜெனுக்கு மிதந்து வந்தவர்கள் என்ற பொருளில். அவர்களில் இருவர் மூச்சை அடக்கியபடி ஒரு குவளையைத் தட்டில் வைத்தார்கள். சூளைக்காரப் பெண் அதைப் பார்த்துத் தலையசைத்து, எடுத்து வேறு தட்டுக்கு மாற்றினார். அங்கே சூடு வேறாம். உள்ளே போகும் பாண்டம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சுருங்கித்தான் வெளியே வரும்.

“எப்போது திறப்பீர்கள்?” என்று கேட்டேன். நாளைக்கு என்றார். என் ரயிலுக்கு ஒரு மணி நேரமே இருந்தது. கதவு மூடி, எரிவாயு பற்றிக்கொள்ளும் ஓசை கேட்டது. வெளியே, ஈரச் சந்தில், பலகைக்காரர் வெறும் பலகையைச் செங்குத்தாகத் தோளில் சாய்த்துக்கொண்டு, கைவீசி வேகமாக நடந்து போனார்.