கூலியும் கலிமாவும்

நாகூரில் பிறந்து வளர்ந்தவன் நான். கடல் கடந்து வாழ்ந்த உறவினரைப் பற்றிய பேச்சு எங்கள் வீட்டுத் திண்ணையில் ஓய்ந்ததே இல்லை. பினாங்கு, ரங்கூன், சைகோன், கொழும்பு என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வணிகராகச் சென்று பொருளோடு மீண்டவர்களின் கதைகள் அவை. இதே கரையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டுப் போனவர்களும் உண்டென்று அத்திண்ணையில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. மீண்டு வராதவர்களுக்குக் கதை சொல்ல ஆள் ஏது?

1658-ஆம் ஆண்டில் டச்சுக் கம்பெனியார் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். அதையடுத்த சில ஆண்டுகள் தஞ்சைச் சீமைக்குப் பெருங்கேடான ஆண்டுகள். படையெடுப்பும் பஞ்சமும் சேர்ந்து வந்தன. பசி பொறுக்காமல் தம்மையும் தம் மக்களையும் விற்றவர்கள் ஆயிரக்கணக்கில் இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றப்பட்டனர். அவ்வாறு கீழைக் கடலெங்கும் சிதறியவர்களுள் ஒரு பகுதியினர், ஆப்பிரிக்காவின் தென்கோடியில் 1652-ல் யான் வான் ரீபெக் நிறுவிய கேப் குடியேற்றம் வரை கொண்டு செல்லப்பட்டனர். 1808-ல் அடிமை வணிகம் நிற்கும்வரை அங்கே இறக்கப்பட்ட அடிமைகள் சுமார் 63,000 பேர் என்று ஆய்வாளர் கணக்கிடுகின்றனர். அவர்களில் ஏறத்தாழக் கால்பங்கினர் இந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்தவர்கள். வங்காளத்து இன்னார், மலபாரின் இன்னார், கோரமண்டலத்து இன்னார் என்று பதிவேடுகள் அவர்களைக் குறிக்கும். ஊர்ப்பெயர் மட்டும் நிலைத்தது. சொந்தப் பெயர் போயிற்று. இறக்குமதியான மாதத்தையே பெயராகச் சூட்டும் வழக்கமும் இருந்தது என்பர். ஏப்ரல், செப்டம்பர், பிப்ரவரி என்பன இன்றும் அந்நாட்டில் குடும்பப் பெயர்கள்.

இந்த வரலாற்றுக்குள் நான் நுழைந்தது அரபுத் தமிழின் வழியாக. என் உம்மாவின் தாயார் தமிழை அரபு எழுத்தில்தான் எழுதுவார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. மளிகைக் கணக்கும் மார்க்கச் சட்டமும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து இருக்கும். அத்தகைய ஏடுகளைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது, கேப் நாட்டு மத்ரஸா மாணவர்களின் பழைய ஓதற்கையேடு ஒன்றின் படம் கண்ணில் பட்டது. எழுத்து அரபு; எனக்குப் பழகிய எழுத்து. கூட்டிப் படித்தால் பொருள் விளங்கவில்லை. அது ஆப்பிரிக்கான்ஸ் மொழி! எசமானரின் டச்சு மொழி, அடுக்களையிலும் கல்லுடைக்கும் இடத்திலும் உருமாறி, அடிமைகளின் வாய்மொழியாகி, அவர்களுடைய மத்ரஸாவில் அரபு எழுத்தை உடுத்திக்கொண்டது. நம் முன்னோர் ‘ப’கரத்துக்கும் ‘ங’கரத்துக்கும் அரபு எழுத்தில் புள்ளிகளைக் கூட்டியது போலவே அவர்களும் கூட்டியிருக்கிறார்கள். துருக்கியிலிருந்து 1863-ல் அங்கு சென்ற அபூபக்கர் எஃபெந்தி இம்மொழியில் இயற்றிய ‘பயானுத்தீன்’ என்னும் சட்டநூல் 1877-ல் அச்சேறியது. எஃபெந்தி ஹனஃபி, கேப் முஸ்லிம்களோ நம் காயல்பட்டினத்தாரையும் கீழக்கரையாரையும் போல ஷாஃபிஈ மத்ஹபினர். சிங்கி இறால் உண்ணலாகாது என்று அவர் தீர்ப்புச் சொன்னதும், மீன்பிடித்துப் பிழைத்த அம்மக்கள் கொதித்தெழுந்தனராம். இந்த ஒரு செய்தியிலேயே அவர்கள் எனக்குச் சொந்தக்காரராகிவிட்டனர்.

அவர்கள் செய்யாத தொழிலில்லை. மலையிலேறி விறகு வெட்டிச் சுமந்தனர். ஓடைகளில் துணி வெளுத்தனர். கொத்தராகவும் தச்சராகவும் தையற்காரராகவும் நகரைக் கட்டி உடுத்தினர். எசமானரின் குழந்தைகளுக்குப் பாலூட்டினர். கம்பெனியின் சொந்த அடிமைகள் 1679-ல் எழுந்த அடிமை விடுதியில் அடைக்கப்பட்டனர். 1793-ஆம் ஆண்டுக் கணக்கில் ஐரோப்பியக் குடிகள் 13,830 பேர். தனியாரின் அடிமைகள் 14,747 பேர். கைத்தொழில் தெரிந்த அடிமையை வெளியே வேலைக்கு விட்டு, அவன் ஈட்டியதில் பெரும்பங்கை எசமானர் பெற்றுக்கொள்வதுண்டு. அப்பணத்தை டச்சுக்காரர் ‘கூலி’ப் பணம் என்றே அழைத்தனர். அது நம் சொல்தான் என்பது மொழிநூலார் பலரின் கருத்து. நம் மொழியில் உழைத்தவன் பெறுவது கூலி. அங்கே உழைத்தவன் கொடுப்பது கூலியாயிற்று!

இத்தகைய இடத்தில் இஸ்லாம் வேரூன்றியது எப்படி? கம்பெனியின் 1642-ஆம் ஆண்டுப் பத்தாவியாச் சட்டம், டச்சுச் சீர்திருத்தச் சபை தவிர்ந்த சமயங்களை வெளிப்படையாக அனுசரிப்பதைத் தடுத்தது. தடுத்தவர்களே அறிஞர்களையும் கொண்டுவந்து சேர்த்தனர். தங்களை எதிர்த்த கீழைத்தீவுகளின் பெருமக்களை நாடு கடத்தும் இடமாகக் கேப்பைப் பயன்படுத்தினர் அல்லவா? மக்காஸரின் ஷைகு யூசுஃப் 1684-ல் இலங்கைக்கும், அங்கும் அவர் செல்வாக்கு அடங்காமையால் 1694-ல் கேப்புக்கும் அனுப்பப்பட்டார். இலங்கையில் ஹஜ் யாத்திரிகர் வழியாக அவருடைய எழுத்துகள் தாயகம் சென்றுகொண்டிருந்தன. கம்பெனியார் அஞ்சியது அதற்குத்தான். 1699-ல் அவர் காலமானார். அவர் பெயரால் அங்கே ஒரு ஜியாரம் உண்டு. நாம் வலிமாரின் அற்புதத்தைக் ‘கராமத்து’ என்கிறோம். கேப் மக்கள் அடக்கத்தலத்தையே ‘கிராமத்’ என்பர்.

திதோர் தீவின் அப்துல்லாஹ் இப்னு காளீ அப்துஸ்ஸலாம் 1780-ல் அரசியல் கைதியாக வந்தார். மக்கள் அவரைத் ‘துவான் குரு’ என்றனர். ராபன் தீவுச் சிறையில் திருக்குர்ஆனை நினைவிலிருந்தே எழுதினார். இறைவனின் ஸிபத்துகளை விளக்கும் அகீதா நூலொன்றை 1781-ல் முடித்தார். விடுதலையானபின் டார்ப் தெருவில் அவர் நடத்திய மத்ரஸாவில் அடிமையும் விடுதலை பெற்றவனும் ஒரே பாயில் அமர்ந்தனர்.

ஆனால் அறிஞர்களின் பெருமையை மட்டும் சொல்லி முடித்துவிடுவது நம் எழுத்தாளர்களின் வழக்கம். எனக்கு அதில் முழு நிறைவில்லை. சந்தைக் கணக்கும் இதில் கலந்திருக்கிறது. கிறிஸ்தவத்தில் உறுதிபெற்ற அடிமையை விற்கலாகாது என்று 1770-ல் பத்தாவியாவிலிருந்து ஓர் ஆணை வந்தது. நல்லெண்ணத்தில் பிறந்த ஆணைதான். ஞானஸ்நானம் பெற்றால் அடிமையின் விலை போய்விடும் என்று கண்ட எசமானர், அவனைக் கோயிலுக்கு அனுப்ப மறுத்தனர். 1812-ல் இவ்விதியை நீக்கியபோது காலம் கடந்துவிட்டது. அடிமைக்குச் சட்டப்படி திருமணம் இல்லை. இமாம் நிக்காஹ் செய்துவைத்தார். பிள்ளைக்குப் பள்ளி இல்லை, இமாம் எழுத்தறிவித்தார். இறந்தால் தூக்க ஆள் இல்லை. ஜமாஅத்து ஜனாஸாவைச் சுமந்தது. கலிமா சொன்னவனுக்கு ஒரு பெயரும் கிடைத்தது. இவற்றையெல்லாம் ஆத்ம தாகத்திற்குக் குறைவான காரணங்கள் என்று எவரேனும் கருதினால், அவர் ஒருநாளும் பெயரின்றி வாழ்ந்து பார்த்தவர் அல்லர்.

நம்மவரை முற்றும் வெள்ளையடித்துக் காட்டவும் மனம் வரவில்லை. விடுதலை பெற்ற முஸ்லிம்களின் இல்லங்களிலும் அடிமைகள் இருந்தனர். பொருள் சேர்த்து அடிமைகளை வாங்கி விடுவித்தவர்களும் அவர்களுள் இருந்தனர். வாங்கி வைத்துக்கொண்டவர்களும் இருந்தனர். அடிமையை உரிமை விடுவது எத்துணை நன்மை என்று ஓதியவர்களின் வீட்டு அடுக்களையில் வேலை செய்தவள் யார் என்ற கேள்வியை நான் கடந்து போக இயலவில்லை.

1790-களில் வெட்டவெளியில் கூடி அவர்கள் ஜும்ஆ தொழுத இடம் ஒரு கல்லுடைக்கும் குழி. சமய உரிமை சட்டமானது 1804-ல். அடக்கத்தலத்துக்கு நிலம் கிடைத்தது 1805-ல். துவான் குரு காலமானது 1807-ல். அடிமை முறை 1834 டிசம்பர் முதல் நாளில் ஒழிந்தது என்றாலும், பயிற்சிக்காலம் என்ற பெயரில் மேலும் நான்காண்டுகள் ஊதியமின்றி உழைக்க வைத்தனர். மௌலூது நாளில் பெண்கள் பள்ளியில் கூடி எலுமிச்சை, ஆரஞ்சு இலைகளை நறுக்கி, நறுமணத் தைலம் சேர்த்துப் பொட்டலமாக்கும் வழக்கமும், நாகூரார் நன்கறிந்த ரிஃபாயி ராத்திபும் இன்றுவரை அங்கே வாழ்கின்றன.

டார்ப் தெருவின் அவ்வல் பள்ளிவாசல் 1794-ல் தோன்றியது. அந்நாட்டின் முதற் பள்ளிவாசல் அதுவே. அம்மனைக்கு உரியவர் விடுதலை பெற்ற ஓர் அடிமை. 1809-ல் அது அவர் மகள் சார்ச்சியின் உரிமையாயிற்று. அவர் அதைத் தொழுகைக்கே விட்டுவைத்தார். அவருடைய கணவர், வங்காளத்து அக்மத், பின்னர் அங்கே இமாமாக இருந்தார். தந்தையின் பெயர் பதிவேட்டில் ‘சிலோன் கோரிடோன்’ என்றிருக்கிறது. கோரிடோன் என்பது பழைய லத்தீன் பாட்டில் வரும் ஆட்டிடையன் ஒருவனின் பெயர். எசமானர் விளையாட்டாக இட்டது. இலங்கையில் அவருடைய வாப்பாவும் உம்மாவும் அவரை என்ன சொல்லி அழைத்தார்கள் என்பதை அந்தப் பதிவு சொல்லவில்லை.